துடிப்பு தெரியவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமல்ல



இந்த முறை இரண்டே சொற்களைப் பற்றி எழுதப் போகிறேன். "துடிப்பு இல்லை" என்பவைதான் அந்த இரண்டு சொற்கள். நாள் தள்ளிப்போய், சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு வந்து, ஆசையோடு டவுனுக்குப் போய் ஸ்கேன் பார்க்கும் பெண்களில் சிலர் இந்த இரண்டு சொற்களோடு வீடு திரும்புகிறார்கள். மறுநாள் தோட்ட மருந்தகத்துக்கு வந்து, "ஐயா, புள்ளைக்குத் துடிப்பு இல்லேன்னுட்டாங்க, கழுவிடணுமாம்" என்கிறார்கள். அதற்குள் செய்தி லயம் முழுக்கப் பரவி, வீடு சாவு வீடு மாதிரி ஆகியிருக்கும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் "துடிப்பு இல்லை" என்பது ஒன்று. "துடிப்பு இன்னும் தெரியவில்லை" என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்வதற்கு அளவு இருக்கிறது, விதி இருக்கிறது. அந்த அளவு வராத வரையில் டாக்டரானாலும் சரி, டிரசரானாலும் சரி, மாமியாரானாலும் சரி, தீர்ப்புச் சொல்லக் கூடாது. பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த மறு ஸ்கேன் தோட்டத்துப் பெண்ணுக்குச் சம்பள நட்டமில்லாமல் கிடைக்க வழி செய்வது நிர்வாகத்தின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் கடமை.

காது வைத்துக் கேட்ட காலம்

தாயின் வயிற்றில் காதை வைத்துச் சிசுவின் இருதயத் துடிப்பைக் கேட்கலாம் என்று 1818-ஆம் ஆண்டில் ஜெனிவா நகரத்து வைத்தியர் மேயோர் என்பவர் எழுதி வைத்தார். பிரெஞ்சு நாட்டுப் பிரசவ வைத்தியர் அடோல்ஃப் பினார்ட் 1895-இல் அதற்கென்றே ஒரு குழலைச் செய்தார். ஊதுகொம்பு மாதிரி ஒரு பக்கம் அகன்று, மறு பக்கம் காது வைக்கத் தட்டையாக இருக்கும். மூத்த மருத்துவச்சிகள் கையில் இருந்த மரக்குழல் இதுதான். பால்மரக் காலத்துத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள், வயிற்றில் குழலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்ட மிஸ்ஸியை நினைவு வைத்திருப்பார்கள்.

அந்தக் குழலுக்கு ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய ஐந்தாம் மாதம் வரையில் அதில் ஒன்றும் கேட்காது. ஆகவே அந்தக் காலத்தில் இரண்டாம் மாதத்தில் துடிப்பு உண்டா இல்லையா என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. கரு தங்கினால் வயிறு சொல்லும். தங்காவிட்டால் உதிரம் சொல்லும். அவ்வளவுதான்.

நம் பேராக்கில் மருத்துவச்சி என்றால் சிபில் கார்த்திகேசுவை மறக்க முடியாது. ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் கணவர் டாக்டர் கார்த்திகேசுவோடு மருந்தகம் நடத்தியவர். ஜப்பான்காரன் காலத்தில் பத்து காஜா பக்கத்திலுள்ள பப்பானில் போராளிகளுக்கு இரகசியமாக வைத்தியம் பார்த்து, பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டவர். 1948-இல் பிரிட்டனில் இறந்த அவரை முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க் ஊரில் அடக்கம் செய்து, பிறகுதான் ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த லானார்க்குக்குப் பக்கத்துப் பெரிய நகரம் கிளாஸ்கோ. அங்கேதான் இயன் டோனல்ட் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும், ஒலி அலையை வயிற்றுக்குள் அனுப்பித் திரும்பி வரும் அலையைப் படமாக்கலாம் என்று 1958-இல் உலகத்துக்குக் காட்டினார்கள். இன்றைக்கு நாம் சொல்லும் ஸ்கேன் அங்கே பிறந்தது. சிபில் அம்மையார் மறைந்து பத்தே வருஷத்தில் வந்த மாற்றம் இது.

ஸ்கேன் வந்ததால் கருவின் துடிப்பை ஆறாம் வாரத்திலேயே கண்ணால் பார்க்க முடிகிறது. நல்ல காரியம்தான். ஆனால் முன்பு நாலைந்து மாதம் கழித்துக் கேட்ட கேள்வியை இப்போது ஆறாம் வாரத்திலேயே கேட்கிறோம். சீக்கிரம் கேட்கிறவர்கள் பதிலுக்குக் கொஞ்சம் பொறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த வாரத்தில் என்ன தெரியும்?

வைத்தியத்தில் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். உறவு கொண்ட நாளிலிருந்தோ நாள் தள்ளிப்போன தினத்திலிருந்தோ எண்ணுவதில்லை. அப்படி எண்ணினால் ஐந்தாம் வாரம் முடிந்து ஆறாம் வாரம் தொடங்கும் சமயத்தில் இருதயம் துடிக்க ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு நான்கு அறை கிடையாது. ஒரு சின்னக் குழாய் சுருங்கி விரிகிறது, அவ்வளவே. கரு முழுவதுமே சில மில்லிமீட்டர்தான், அரிசி நொய் அளவு.

உள்வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் அந்தத் துடிப்பு மினுக் மினுக்கென்று தெரியும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இன்னும் ஒரு வாரம் போலத் தாமதமாகும். உடம்பு பருமனான பெண்களுக்கும், கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கும் பெண்களுக்கும் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். கையில் பிடித்துக் கேட்கும் டாப்ளர் கருவியில் 10 முதல் 12 வாரத்துக்கு மேல்தான் சத்தம் கேட்கும். பினார்ட் குழலில் 20 வாரத்தை ஒட்டித்தான்.

உள்வழி ஸ்கேன் என்றதும் நம் பெண்கள் பின்வாங்குகிறார்கள். "அதெல்லாம் வேணாங்கய்யா, வயித்து மேலயே பாக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். கூச்சம் நியாயமானதுதான். மெல்லிய கருவி அது, உறை போட்டுத்தான் பயன்படுத்துவார்கள். கருவுக்குக் கெடுதல் இல்லை. கூட ஒரு பெண் தாதி இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆரம்ப வாரங்களில் தெளிவான பதில் வேண்டுமென்றால் இதுதான் நல்ல வழி.

இன்னொரு சந்தேகம். "டாக்டரு துடிப்பைக் காட்டினாரு, ஆனா சத்தம் வைக்கல, ஏதோ மறைக்கிறாரு போல" என்று சிலர் நினைக்கிறார்கள். ஆரம்ப மாதங்களில் சத்தம் கேட்க வைக்கும் அலை கொஞ்சம் வலுவானது. சின்னஞ்சிறு கருவின்மேல் தேவையில்லாமல் அதைச் செலுத்தக் கூடாது என்பதால் படத்திலேயே கோடு போட்டுத் துடிப்பை எண்ணுவார்கள். சத்தம் வைக்காத டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

கணக்கு தவறும் இடம்

ஆறு வாரம், ஏழு வாரம் என்று சொல்வதெல்லாம் தேதி சரியாக இருந்தால்தான். நம் தோட்டங்களில் தேதி தவறுவதற்குக் காரணம் பல உண்டு. சிலருக்கு மாதவிலக்கு 28 நாளைக்கு ஒரு தரம் வராது, 35 நாள், 40 நாள் ஆகும். சிலர் மூன்று மாத ஊசியை நிறுத்தியபின் ஒழுங்கில்லாமல் வந்துகொண்டிருக்கும்போதே தரித்துவிடுகிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, தீட்டே வராமல் அடுத்தது தரிப்பதும் உண்டு. இப்படிப்பட்டவர்கள் ஏழு வாரம் என்று சொன்னால் உண்மையில் ஐந்து வாரமாக இருக்கலாம். ஐந்து வாரக் கருவில் துடிப்பைத் தேடினால் எங்கிருந்து வரும்? விதை போட்ட மூன்றாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்த்து, முளைக்கவில்லை என்று சொல்வதைப் போலத்தான்.

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களின் கதையைச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். இருவரும் தங்கள் கணக்குப்படி ஏழு வாரம். இருவருக்கும் ஸ்கேனில் கருப்பையில் பை தெரிந்தது, பைக்குள் மூன்று நான்கு மில்லிமீட்டரில் கரு தெரிந்தது, துடிப்பு தெரியவில்லை. இருவரும் பத்து நாள் கழித்து மறுபடி ஸ்கேனுக்குப் போனார்கள். முதல் பெண்ணுக்குக் கரு வளர்ந்திருந்தது, துடிப்பும் தெளிவாகத் தெரிந்தது. அவள் பிள்ளை இப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கிறது. இரண்டாவது பெண்ணுக்குக் கரு வளரவே இல்லை, துடிப்பும் இல்லை. அவளுக்கு அது நிற்கவில்லை.

கவனித்துப் பாருங்கள். முதல் நாள் எடுத்த படம் இருவருக்கும் ஒன்றுதான். எது தங்கும், எது தங்காது என்று அந்தப் படத்தை வைத்து எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரராலும் சொல்லியிருக்க முடியாது. இடையில் போன அந்தப் பத்து நாள்தான் உண்மையைச் சொன்னது. முதல் பெண் அன்றைக்கே கழுவிக்கொள்ளப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தில் ஒரு தாய்க்குக் கரு இறந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, மாத்திரையும் கொடுத்து, கழுவ நாளும் குறித்தார்கள். அவள் மனம் கேளாமல் வேறிடத்தில் ஸ்கேன் பார்த்தபோது துடிப்பு இருந்தது. பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. 2010-இல் இந்தச் செய்தி வெளியானதும் அந்த நாட்டுச் சுகாதாரத் துறை விசாரணை வைத்தது. அந்த விசாரணையில் இப்படித் தவறாகச் சொல்லப்பட்ட 24 பெண்களின் நிகழ்வுகள் ஆராயப்பட்டன. பெரிய ஆஸ்பத்திரியும் நவீனக் கருவியும் உள்ள இடத்திலேயே இது நடந்திருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

முன்பெல்லாம் கரு 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருந்து துடிப்பு தெரியாவிட்டால் போய்விட்டது என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். அந்த அளவு போதாது, உயிருள்ள கருவையும் தவறிச் சொல்லிவிட நேரும் என்று ஆராய்ச்சியில் தெரிந்ததும், 2011-இல் பிரிட்டனில் அளவை உயர்த்தினார்கள். அடுத்த வருஷம் அமெரிக்க நிபுணர்களும் அதே அளவை ஏற்றுக்கொண்டார்கள். உள்வழி ஸ்கேனுக்கான அந்த அளவை வெட்டி எடுத்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால், அது தீர்ப்பு ஆகாது. குறைந்தது 7 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டு: பைக்குள் கருவே தெரியாவிட்டாலும், பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதுவும் தீர்ப்பு ஆகாது. மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்று: கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லாவிட்டால்கூட, இன்னொருவரும் பார்த்து உறுதி செய்ய வேண்டும், அல்லது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் வழிகாட்டி சொல்கிறது.

நான்கு: வயிற்றின் மேல் வைத்து மட்டும் பார்த்திருந்தால், அளவைக் குறித்துக்கொண்டு 14 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஆகவே ஸ்கேன் பார்த்து வரும்போது வாயால் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். "எத்தனை மில்லிமீட்டர், எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். படத்தையும் கேளுங்கள். காசு கொடுத்துப் பார்த்த ஸ்கேன், கேட்பதில் தப்பில்லை.

பொறுக்கக் கூடாதவர்கள்

ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறேனே என்று எல்லோரும் வீட்டில் படுத்திருக்கக் கூடாது. சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம் என்று வந்து, ஸ்கேனில் கருப்பைக்குள் பையே தெரியாவிட்டால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது வெடித்தால் உள்ளே இரத்தம் கொட்டித் தாயின் உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், கண் இருட்டுவது, முகம் வெளுப்பது இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தம் அதிகமாகப் போய், ஒரு மணி நேரத்தில் இரண்டு துணி நனைந்தாலும் அப்படியே. காய்ச்சலோடு கெட்ட வாடை வீசினாலும் அப்படியே. ஈப்போ பெரியாஸ்பத்திரியாக இருந்தாலும், சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா, எதுவாக இருந்தாலும் கிட்டத்தில் உள்ளதற்கு ஓடுங்கள். காலையில் டிரசர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கைக்கருவி மோகம்

இப்போது போனில் பார்த்து வீட்டுக்கே வரவழைக்கும் சின்ன டாப்ளர் கருவிகள் லயத்திலும் வந்துவிட்டன. இரண்டாம் மாதத்திலேயே அதை வயிற்றில் வைத்து, சத்தம் வரவில்லை என்று அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த மாதத்தில் அதில் கேட்கவே கேட்காது. இன்னும் சிலருக்கு ஐந்தாம் மாதத்துக்கு மேல் வேறு விதமான ஆபத்து. பிள்ளையின் துடிப்பு என்று நினைத்துக் கேட்பது தாயின் சொந்த நாடியாக இருக்கும். தாயின் நாடி நிமிஷத்துக்கு 70, 80, 90 என்று இருக்கும். பிள்ளையின் துடிப்பு பிந்திய மாதங்களில் 110-லிருந்து 160 வரை இருக்கும். பயத்தில் தாயின் நாடியும் ஏறும். அப்போது இரண்டும் குழம்பிவிடும். பயிற்சி உள்ளவர்கள் ஒரு கையால் தாயின் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையின் துடிப்பைக் கேட்பார்கள். பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது என்று தோன்றினால், இந்தக் கருவியில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று சமாதானமாகி வீட்டில் இருந்துவிடக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மறு ஸ்கேனிலும் இல்லை என்றால்

பொய்யான ஆசை காட்டுவது என் நோக்கமல்ல. மறு ஸ்கேனிலும் துடிப்பு வராமல் போகும் பெண்கள் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்த 100 பேரில் 10 முதல் 15 பேருக்குக் கரு தங்காமல் போகிறது. அதில் பெரும்பாலானவை ஆரம்ப மாதங்களில் போகின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணம், கரு உண்டாகும்போதே அதன் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் ஏற்படும் கோளாறு. அதை யாராலும் தடுக்க முடியாது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, வேண்டுதலும் இல்லை.

ஆனால் லயத்தில் என்ன பேசுகிறார்கள்? "அன்னைக்கு அன்னாசி தின்னா, அதான்." "லோரியில ஏறிக் குதிச்சா, அதான்." "சாவு வீட்டுக்குப் போனா, அதான்." இப்படி ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பெண் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறாள். அவள் மேல் கொலைப்பழியையும் போடுவது நியாயமா? ஒரு துண்டு அன்னாசியால் கரு போகாது. மாமியார்மார்களே, உங்களில் பல பேருக்கும் ஒன்று இரண்டு தங்காமல் போயிருக்கும். அன்றைக்கு உங்களை யார் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்துவிட்டு மருமகளிடம் பேசுங்கள்.

கரு போய்விட்டது என்று உறுதியான பிறகு வழிகள் மூன்று. தானாக வெளியேறும்வரை காத்திருக்கலாம். மாத்திரை வைத்து வெளியேற்றலாம். அல்லது உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்யலாம். எது ஏற்றது என்பதை டாக்டர் அந்தப் பெண்ணோடு பேசி முடிவு செய்ய வேண்டும். உடனே கழுவியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எல்லோருக்கும் இல்லை. இரண்டு மூன்று தரம் தொடர்ந்து போனால் அதற்குத் தனியாகப் பரிசோதனை உண்டு. கிளினிக்கில் கேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள்.

அந்த ஒரு வாரத்துக்கு யார் காசு?

இனிமேல்தான் சங்கத்தின் வேலை வருகிறது. மேலே சொன்ன விதியெல்லாம் நல்ல விதி. ஆனால் உதிரிப் பழம் பொறுக்கி நாள் கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு மறு ஸ்கேன் என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு நாள் சம்பளம் போச்சு. டவுனுக்குப் போக வண்டி வாடகை. கிளினிக்கில் அரை நாள் காத்திருந்தால் மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுப்பதில்லை, வந்து போன நேரத்தைக் குறித்து டைம் ஸ்லிப் மட்டும் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் ஆபீசில் நீட்டினால், "இதுக்குச் சம்பளம் இல்லம்மா" என்று கிராணி சொல்வார். அவரையும் குறை சொல்ல முடியாது. கர்ப்பப் பரிசோதனைக்கென்று தனிச் சம்பள விடுப்பு வேலைச் சட்டத்தில் இல்லை. இதனால்தான் சில பெண்கள் மறு ஸ்கேனுக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், "ஒரே நாளில முடிச்சிருவோம்" என்று சொன்ன இடத்திலேயே கழுவிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

கரு போய்விட்டால் சட்டம் என்ன தருகிறது என்றும் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கர்ப்பிணியை வேலையை விட்டு நிறுத்தவும் கட்டுப்பாடு வந்தது. தொழிலாளர் இயக்கம் நெடுநாள் கேட்டு வந்த விஷயங்கள் இவை, சந்தோஷம். ஆனால் 22 வாரத்துக்குப் பிறகு பெற்றால்தான் அந்தச் சட்டத்தில் பிரசவம். அதற்கு முன்னால் கரு போனால் பிரசவ விடுப்பு ஒரு நாளும் கிடையாது. சாதாரண நோய் விடுப்பில்தான் எடுக்க வேண்டும். வேலையில் இரண்டு வருஷம் ஆகாதவருக்கு வருஷம் முழுவதுக்கும் 14 நாள்தான் அது. இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள். காய்ச்சலுக்கும் அதுதான், கரு போனதற்கும் அதுதான். ஆஸ்பத்திரியில் தங்கினால் தனியாக 60 நாள் வரை உண்டு. ஆனால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் பெண் அந்தக் கணக்கில் வருவது கஷ்டம்.

இந்தியாவில் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. பிலிப்பைன்சில் 2019-இல் வந்த சட்டம் 60 நாள் தருகிறது. நியூசிலாந்தில் 2021-இல், கரு போனவளுக்கும் அவள் துணைவனுக்கும் துக்க விடுப்பாக மூன்று நாள் கொடுத்தார்கள். அங்கெல்லாம் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

"எல்லாரும் கர்ப்பம் என்று சொல்லி லீவு கேட்பார்கள், பொய்ச் சீட்டுக் கொண்டு வருவார்கள்" என்று நிர்வாகம் சொல்லும். சொல்லட்டும். கிளினிக்கில் கொடுக்கும் தாய்மைப் புத்தகத்தில் ஒவ்வொரு வருகையும் தேதி போட்டு எழுதப்பட்டிருக்கிறது. மறு ஸ்கேனுக்கு வரச்சொன்ன தேதியும் அதில் இருக்கும். அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அரசாங்கக் கிளினிக்கில் கூட்டம் அதிகம், ஒரு வாரத்தில் தேதி கிடைக்காது என்றும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. அதற்குத்தான் தோட்ட மருந்தகத்தில் 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த டிரசரை வைத்திருக்கிறார்கள். முதல் ஸ்கேனில் வந்த அளவையும் தேதியையும் எழுதிக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து, தேதியைப் போன் பண்ணிக் கேட்பது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

ஆகவே கிளைக் கமிட்டிகள் நிர்வாகத்தின் முன்னும் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் மூன்று காரியங்களைக் கேட்க வேண்டும். முதலாவது, கர்ப்பப் பரிசோதனைக்கும் மறு ஸ்கேனுக்கும் தோட்டத்து வண்டி, அன்றைய சம்பளம் பிடித்தம் இல்லாமல். இரண்டாவது, சந்தேகத்தில் இருக்கும் அந்த வாரத்தில் மருந்து அடிப்பது, உர மூட்டை தூக்குவது போன்ற வேலைகளிலிருந்து மாற்றி, சம்பளம் குறையாமல் லேசான வேலை. லேசான வேலை கொடுப்பதால் கரு தங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. மனக்கலக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கும் விஷ மருந்துக்கும் இடையில் தூரம் இருக்கட்டும் என்கிறேன். மூன்றாவது, 22 வாரத்துக்கு முன் கரு போனால் நோய் விடுப்பில் கை வைக்காத தனி விடுப்பு. சட்டம் மாற நாளாகும். ஒப்பந்தத்தில் சேர்க்க அவ்வளவு நாள் ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியது

மாதவிலக்கு வந்த முதல் நாளை வீட்டுக் காலண்டரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அம்மா மறந்தால் மகள் போடட்டும். நாள் தள்ளிப்போனால் தோட்ட மருந்தகத்திலேயே சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளலாம். 12 வாரத்துக்குள் கிளினிக் கேசிஹாத்தானில் பெயர் பதிந்து புத்தகம் வாங்கிவிடுங்கள். வலியோ உதிரமோ இல்லாதவர்கள் ஐந்தாம் வாரத்தில் ஸ்கேனுக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. ஏழு எட்டு வாரத்தில் போனால் ஒரே பார்வையில் பதில் கிடைக்கும், வீண் கலக்கமும் இருக்காது.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கேனுக்கு அவளை மாமியாரோடு அனுப்பிவிட்டு நீங்கள் வேலைக்குப் போகாதீர்கள். முதல் ஸ்கேனுக்குப் போக முடியாவிட்டாலும் மறு ஸ்கேனுக்குக் கட்டாயம் போங்கள். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் அதை அவள் தனியாகக் கேட்கக் கூடாது.

துடிப்பு தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எத்தனை வாரம், எத்தனை மில்லிமீட்டர், மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருந்தகத்துக்கு வாருங்கள். வண்டிக்கு ஆபீசில் பேசுவதை நாங்களும் உங்கள் கிளைத் தலைவரும் பார்த்துக்கொள்கிறோம்.